காகத்துக்கு நீலம் பூசும் பிள்ளை

கேள்வி: என் மகள் தரம் இரண்டில் படிக்கிறாள், ஆறரை வயது. நேசரிக்குப் போன காலத்தில் சுவர், சீமெந்து நிலம், அப்பாவின் பில் கொப்பி என்று ஒன்றும் மிச்சமில்லை, எல்லாவற்றிலும் கீறுவாள். காகத்துக்கு நீலம் பூசுவாள், ஆட்டுக்கு ஊதா. "கண்ணில ஏதும் பிழையோ, ஒருக்காக் காட்டிப் பாருங்கோ" என்று மாமி சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த வருடம் சித்திர வகுப்புக்கு விட்டோம். இப்போது இரண்டு மலை, நடுவில் சூரியன், ஆறு, குடிசை, தென்னை என்று வடிவாகக் கீறுகிறாள். ஆனால் வீட்டில் வேறு எதையும் கீறச் சொன்னால், "எனக்கு ஏலாது, நீங்க கீறித் தாங்கோ" என்கிறாள். பள்ளிக்கூடப் போட்டிக்கு 'இயற்கை' என்ற தலைப்பில் சித்திரமும், மேடையில் சொல்லச் சின்னக் கவிதையும் கேட்டிருக்கிறார்கள். கவிதையை அவளுடைய அப்பா எழுதிவிட்டார். அவள் பாடமாக்க மாட்டேன் என்று அழுகிறாள். முன்பு தன்பாட்டில் எதையாவது சொல்லிக்கொண்டு திரிந்த பிள்ளை. போன கிழமை மழைக்கு விறாந்தையில் நின்று, "பனை நடுங்குது. அதுக்குக் குளிருது. ஒருத்தரும் துவாய் குடுக்கேல்லை" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். பிள்ளைக்குக் கற்பனை குறைந்துவிட்டதா? வகுப்பை நிறுத்தவா, விடவா?

(ஒரு தாய், கோண்டாவில்)

பதில்: தங்கச்சி, முதலில் அந்தத் துவாயைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் கணவர் எழுதிய கவிதையை நீங்கள் கடிதத்தோடு அனுப்பவில்லை. பரவாயில்லை, ஓரளவு ஊகிக்கலாம். 'இயற்கை அன்னையே' என்று தொடங்கியிருக்கும். நடுவில் மயில் ஆடும், குயில் கூவும். 'மரம் நடுவோம்' என்று முடிந்திருக்கும். முன்பள்ளி, ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். ஆகையால் இப்படிப்பட்ட கவிதைகள் போட்டிக் காலத்தில் கட்டுக்கட்டாக என் மேசைக்கு வரும். பிள்ளையின் பெயர்தான் கீழே இருக்கும், ஆனால் எழுதியவருக்கு நாற்பது வயது என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். அவரைக் குறை சொல்லவில்லை. பிள்ளை மேடையில் திக்குமுக்காடக் கூடாது என்ற அக்கறையில்தான் எழுதியிருப்பார். ஆனால் 'ஒருத்தரும் துவாய் குடுக்கேல்லை' என்ற வரி அவருக்கு வராது. எனக்கும் வராது.

அந்த மூன்று வரிக்குள் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். காற்றுக்கு ஓலை அடிபடுவதைப் பிள்ளை நின்று கவனித்திருக்கிறாள். அது நடுக்கம் மாதிரி இருப்பதைக் கண்டிருக்கிறாள். நடுங்குவதற்குக் காரணமும் பிடித்திருக்கிறாள். நனைந்த ஆளுக்கு யாராவது துவாய் கொண்டுவர வேண்டும் என்பது ஆறு வயதில் உலக நியதி. கிணற்றடியில் நீங்கள் அவளுக்குத் தலை துவட்டிவிட்டது, இப்போது வளவில் நிற்கும் பனைக்கும் கிடைக்க வேண்டும் என்று அவள் எதிர்பார்த்திருக்கிறாள். கிடைக்கவில்லை. அந்த ஆதங்கம்தான் கடைசி வரி. கற்பனை குறைந்துவிட்டதா என்று கேட்கிறீர்களே, போன கிழமை இதைச் சொன்ன பிள்ளைக்கா?

குறைந்திருப்பது தைரியம். தான் கண்டதைக் கண்டபடி சொன்னால், கண்டபடி கீறினால், பெரிய ஆட்கள் அதை ஏற்பார்களா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது.

இரண்டு மலையை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் படுகையின் மேல் கிடக்கும் தட்டையான நிலம். மலை கிடையாது. வருடம் முழுக்க ஓடும் ஆறும் கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றுதான் இருக்கிறது. கோண்டாவிலில் உங்கள் மகளைச் சுற்றி இருப்பது செம்மண் தோட்டம், வாழை, வெங்காயப் பாத்தி, கிணறு, பூவரசு வேலி, பனை. ஆனால் 'இயற்கை' என்றால் அவள் கை கீறுவது, கண்ணால் காணாத இரண்டு மலையை. நுவரெலியாவில் பிறந்த பிள்ளை மலையைக் கீறினால் அது அவளுடைய மலை. உங்கள் மகளுக்கு அது மாஸ்ரரின் மலை, மாஸ்ரருக்கு அவருடைய மாஸ்ரரின் மலை. அதில் மோசமான விளைவு என்னவென்றால், தன் வீட்டு வேலியும் கிணறும் 'இயற்கை'யில் சேராத சாமான்கள் என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறாள்.

அடுத்தது காகம். வருகிற சனிக்கிழமை விரதச் சோறு வைக்கும்போது மாமியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய், வெயிலில் வந்து இருக்கும் காகத்தை மூன்று பேரும் ஆறுதலாகப் பாருங்கள். எங்கள் ஊர்க்காகத்தின் கழுத்தும் நெஞ்சும் சாம்பல். முதுகும் செட்டையும்தான் கறுப்பு. அந்தக் கறுப்பிலும் வெயில் சரிவாகப் பட்டால் நீலமும் ஊதாவும் மினுங்கும். உங்கள் பிள்ளை அதைக் கண்டுதான் நீலம் பூசினாளா, அல்லது அன்றைக்குக் கைக்கு நீலம்தான் வந்ததா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் 'காகம் கறுப்பு' என்று பார்க்காமலே சொல்லும் எங்களைவிட அவள் பிழைவிடவில்லை.

மாமி கண்ணைப் பற்றிக் கேட்டதையும் தட்டிக்கழிக்கக் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறைபாடு உண்டு. அது எக்ஸ் நிறமூர்த்தத்தோடு வருவதால் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளிடம்தான் காணப்படும், பெண்பிள்ளைகளில் அரிது. காகத்துக்கு நீலம் பூசுவது அதற்கான அறிகுறி இல்லை. இந்த வயதுப் பிள்ளைகள் உள்ளதைப் பார்த்து நிறம் எடுப்பதைவிடப் பிடித்த நிறத்தை எடுப்பதுதான் அதிகம். மனம் கேட்காவிட்டால் சிவப்பு, பச்சை, மண்ணிறப் பென்சில்களைக் கலந்து போட்டு, இனம் பிரித்து அடுக்கச் சொல்லுங்கள். அங்கே தடுமாறினால் கண் வைத்தியரிடம் காட்டலாம். தடுமாறாவிட்டால் அந்தக் கதையை அத்தோடு விட்டுவிடுங்கள், அதுவும் பிள்ளையின் காதுபடப் பேசாமல்.

ஒஸ்திரியாவில் பிறந்து பின்னர் அமெரிக்காவில் கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற சித்திரக் கல்வியாளர், பிள்ளைகளின் சித்திரம் வயதோடு எப்படி மாறுகிறது என்று 1940களில் விரிவாக எழுதினார். ஆசிரிய பயிற்சியில் இன்றைக்கும் அதைப் படிக்கிறோம். நாலு வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் சாமான்கள் தாளில் மிதக்கும், முக்கியமான ஆள் பெரிதாக இருப்பார், அப்பாவைவிட ஆடு பெரிதாக இருக்கும். ஏழு வயதுக்குக் கிட்ட, தாளின் அடியில் ஒரு கோடு வரும். அதன்மேல் வீடும் மரமும் ஆட்களும் வரிசையாக நிற்பார்கள். வானம் தாளின் உச்சியில் ஒரு நீலப்பட்டையாக இருக்கும். நடுவில் வெள்ளையாகக் கிடக்கும். "நடுவையும் நிரப்பு" என்று நாங்கள் கரைச்சல் கொடுப்போம். பிள்ளையைக் கேட்டால், வானம் மேலே, நிலம் கீழே, நடுவில் நாங்கள் இருக்கிறோம் என்று விளக்கம் வரும். முற்றத்தில் நின்று பார்த்தால் அவள் சொல்வதுதானே சரி? இதே வயதில் கோழியைக் கீறி, உள்ளே முட்டையையும் கீறுவார்கள். கிணற்றைக் கீறி, அடியில் தண்ணீரையும் தவளையையும் காட்டுவார்கள். தெரிந்ததை எல்லாம் காட்டுவதுதான் அப்போதைய நோக்கம், தோற்றம் பிறகு வரும். ஒன்பது, பத்து வயதுக்குப் பிறகு "இது ஆடு மாதிரியே இல்லை" என்று பிள்ளையே குறை கண்டுபிடிப்பாள். தூரத்தை எப்படிக் காட்டுவது, நிழல் எங்கே விழும் என்றெல்லாம் கேட்பாள். சித்திர மாஸ்ரர் தேவைப்படுவது அப்போதுதான்.

பார்த்துக் கீறுவதே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. பக்கத்தில் இருக்கும் சிநேகிதி கீறிய பூவைப் பார்த்துத் தானும் கீறுவது எந்தப் பிள்ளையும் செய்கிற காரியம், அதில் பழகுவதும் உண்டு. கூடாதது, 'சரியான படம்' ஒன்று இருக்கிறது, அது என்னிடம் இல்லை, பெரியவரிடம்தான் இருக்கிறது என்ற எண்ணம். நிறம் தீட்டும் புத்தகங்களை லோவன்ஃபெல்ட் அவ்வளவு கடுமையாக எதிர்த்ததும் இதற்காகத்தான். அச்சடித்த குருவிக்குள் கோடு தாண்டாமல் நிறம் தீட்டிப் பழகிய பிள்ளைக்குத் தன்னுடைய குருவியில் நம்பிக்கை போய்விடும். போனில் இருக்கும் நிறம் தீட்டும் விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும்.

சரி, இனி என்ன செய்வது?

"நீங்க கீறித் தாங்கோ" என்று கேட்டால் கீறிக் கொடுக்காதீர்கள். "உன்னால ஏலும், முயற்சி செய்" என்று உற்சாகமூட்டவும் வேண்டாம், அது பிள்ளையைத் தாளோடு தனியே விட்டுவிடும். எழுந்து அவளோடு சேர்ந்து அந்தச் சாமானிடம் போங்கள். காகமென்றால் காகத்திடம். சொண்டு நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா? காலில் முன்னுக்கு எத்தனை விரல், பின்னுக்கு எத்தனை? (முன்னுக்கு மூன்று, பின்னுக்கு ஒன்று. நீங்களும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள்.) நடக்கிறதா, தத்துகிறதா? இவ்வளவையும் கதைத்துவிட்டு வந்து இருந்தால், பிள்ளைக்குக் கீறுவதற்கு ஏதோ ஒன்று கையில் இருக்கும். அவள் கீறும் காகத்துக்கு விரல்கள் மட்டும் பெரிதாக, முள்ளுக்கரண்டி மாதிரி வந்தால் சந்தோஷப்படுங்கள், விரலைப் பார்த்திருக்கிறாள் என்று அர்த்தம்.

உங்கள் வேலியில் பூவரசு இருந்தால் ஒரு நாள் முழுவதுக்கும் அது போதும். காலையில் பூ இளமஞ்சள், அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. பொழுது ஏற ஏற மஞ்சள் மங்கி, வாடும்போது செந்நிறமாகிவிடும். காலையில் ஒருமுறை, பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒருமுறை, மறுநாள் ஒருமுறை அதே பூவைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். காம்பில் நூல் கட்டி அடையாளம் வைத்தால் எந்தப் பூ என்று சண்டை வராது. மூன்று சின்னத் தாள், மூன்று படம். பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊத மாமிக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பொறுப்பை அவரிடம் விடுங்கள். நிறம் பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு ஒரு நல்ல வேலை கிடைக்கும்.

மழை தொடங்கிவிட்டதால் தம்பளப்பூச்சியும் வரும். முதல் மழைகளுக்குப் பிறகு ஈர மண்ணில் ஊரும் அந்தச் சிவப்பு வெல்வெட் உருண்டையை நாங்கள் சின்ன வயதில் நெருப்புப் பெட்டிக்குள் போட்டு வைப்போம், அடுத்த நாள் செத்துக் கிடக்கும். அப்படிச் செய்யத் தேவையில்லை. ஒரு இலையில் ஏறவிட்டு, கால்களை எண்ணிவிட்டு (எட்டு, அது சிலந்திக்கு உறவு), எடுத்த இடத்திலேயே விடலாம்.

பொருளுக்குப் பெரிய செலவு வேண்டாம். உங்கள் ஊரில் காலடியிலேயே நிறம் கிடக்கிறது. செம்மண்ணைக் காயவைத்து அரிதட்டில் அரித்து, நீர் விட்டுக் குழைத்து, கொஞ்சம் வெள்ளைப் பசை சேர்த்தால் அருமையான சித்திர நிறம். அந்தச் சிவப்பைத் தருவது மண்ணில் இருக்கும் இரும்பு ஒட்சைட்டு, அது வெயிலுக்கு மங்காது. கறுப்புக்கு அடுப்புக்கரி. மஞ்சளுக்கு மஞ்சள்தூள், ஆனால் அது வெயிலில் வெளிறிவிடும். செவ்வரத்தம் பூவிதழைத் தாளில் அழுத்தித் தேய்த்தால் ஊதா வரும். அதன்மேல் ஒரு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டால் அந்த இடம் சிவக்கும், சவர்க்காரத் தண்ணீர் பட்டால் பச்சை தட்டும். இதைக் காட்டிவிட்டால் பிறகு பிள்ளையை அந்த இடத்தை விட்டு எழுப்புவது கஷ்டம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். தூரிகைக்குத் தென்னம் ஈர்க்கின் நுனியைத் தட்டி நாராக்கலாம். தாள் பெரிதாக இருக்கட்டும். பழைய கலண்டரின் பின்பக்கம் போதும். அழிறப்பரை மட்டும் கொஞ்ச நாள் எங்காவது ஒளித்து வையுங்கள்.

கீறி முடித்ததும் "இது என்ன?" என்று கேட்காதீர்கள். உங்களுக்கு விளங்கவில்லை என்பதுதான் அந்தக் கேள்வியில் பிள்ளைக்குக் கேட்கும். "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போவதும் அதே கணக்குத்தான். "இதைப்பற்றிச் சொல்லு" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருக்கும்.

கவிதை வருவதும் அந்த இடத்தில்தான். ஒரு மெல்லிய கொப்பி வாங்கி வையுங்கள். அவள் சொல்வதை, சொல்கிற சொல்லிலேயே, எழுத்துத் தமிழாக மாற்றாமல் நீங்கள் எழுதுங்கள். 'குடுக்கேல்லை' என்றால் 'குடுக்கேல்லை'தான், 'கொடுக்கவில்லை' என்று திருத்தினால் பனைக்கான அந்த ஆதங்கத்தில் பாதி போய்விடும். அவள் மூச்சு விடும் இடத்தில் வரியை உடையுங்கள். பிறகு அவளுக்கே வாசித்துக் காட்டுங்கள். தன் வாயிலிருந்து வந்தது எழுத்தாகி, அம்மாவின் குரலில் திரும்பி வருவதைக் கேட்கும் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். திகதியைப் போட மறக்காதீர்கள்.

மேசையில் இருத்தி "மழையைப் பற்றி ஒரு கவிதை சொல்லு" என்றால் ஒன்றும் வராது. சின்னப் பிள்ளைகளின் பேச்சைப் பல காலமாகச் சேகரித்த ரஷ்யக் குழந்தைக் கவிஞர் கோர்னி சுக்கோவ்ஸ்கி, அவர்களுடைய பாட்டு துள்ளலிலும் ஓட்டத்திலும் பிறக்கிறது என்று எழுதினார். எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். ஊஞ்சலில் வரும், சைக்கிள் பாரில் இருந்து போகும்போது வரும், வாளித் தண்ணீரை அள்ளி ஊற்றும்போது வரும். பாதிக்குமேல் அர்த்தமில்லாத சத்தமாக இருக்கும். அந்தச் சத்தத்தையும் எழுதுங்கள்.

சிரித்ததைப் பற்றி அதிகம் வருந்த வேண்டாம். பிள்ளைகள் சொல்வது சிரிப்பாகத்தான் இருக்கும். சிரித்த பிறகு "பிறகு பனை என்ன செய்தது?" என்று ஒரு கேள்வி கேட்டால், சிரிப்பு கேலி இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இப்போதும் கேட்கலாம், மழை இன்னும் ஓயவில்லை.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கான பாட்டில் எங்கள் மண்ணின் முதல் பெயர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர். அவர் பாட எடுத்துக்கொண்டது மயிலையும் மலையையும் அல்ல, கத்தரித் தோட்டத்து வெருளியையும் ஆடிப்பிறப்புக் கூழையும். பெரிய ஆட்கள் பிள்ளைகளுக்காகக் கட்டிய பாட்டுகளைப் படித்துக் கொடுங்கள், ஆடிப் பாடட்டும், காதுக்கு ஓசை பழகும். ஆனால் அதை அவளே எழுதியதாக மேடையேற்ற வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளைக்கும் எது தன்னுடையது, எது இல்லை என்று தெரியும். உங்கள் மகள் பாடமாக்க மறுத்து அழுவது மந்தத்தாலோ பிடிவாதத்தாலோ என்று நான் நினைக்கவில்லை.

போட்டிக்கு அந்தத் துவாய்க் கவிதையைக் கொடுக்கலாம், அவள் சம்மதித்தால் மட்டும். அதோடு மழையில் நிற்கும் பனையை அவளே கீறட்டும். வகுப்பு ரீச்சரிடம் முன்கூட்டியே, "இது பிள்ளை சொன்னது, நான் எழுதினேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பரிசு கிடைக்குமா என்றால், கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். நடுவர் குழுக்களில் இருந்திருக்கிறேன், எதுகை மோனைக்கும் எடுப்பான குரலுக்கும் புள்ளி விழும் அளவுக்கு இப்படியான வரிகளுக்கு விழுவதில்லை. அது எங்கள் பக்கத்துக் கோளாறு, மாற்ற வேண்டியதும் நாங்கள்தான். பரிசில்லாமல் போவதை உங்களால் தாங்க முடியும் என்றால் கொடுங்கள். தாங்க முடியாது என்றால் இந்த முறை போட்டியை விட்டுவிடுங்கள், தரம் இரண்டில் ஒரு போட்டி தவறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கடைசியாக வகுப்பு. முதலில் மாஸ்ரரிடம் போய்க் கதையுங்கள். கடைசி அரை மணித்தியாலம் பிள்ளைகள் தாங்கள் பார்த்த எதையாவது கீற விடுவாரா, அதைத் திருத்தாமல் இருப்பாரா என்று கேளுங்கள். நல்ல மனுசர் என்றால் ஒத்துக்கொள்வார். கறும்பலகையில் போட்டதைக் கீறுவதுதான் வகுப்பு என்றால், ஒன்பது வயது வரைக்கும் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு அவளாகக் கேட்டால் அவரிடமே திரும்ப விடலாம், அப்போது அவர் கற்றுக்கொடுப்பது பிரயோசனப்படும். எதுவானாலும் மகளை முன்னால் வைத்துக்கொண்டு மாஸ்ரரோடு இதைக் கதைக்க வேண்டாம், தன்னால்தான் பிரச்சினை என்று நினைத்துவிடுவாள். இந்த மாதத்துக்குக் கட்டிய காசு போனால் போகட்டும்.